குதிரடிப் பூனையும் கூடத்துப் பூனையும்

நாற்பது வருடங்களுக்கு முன் மங்கலம்பேட்டையில் ஒரு வீட்டில் பூனை நிலையாகத் தங்கியிருக்கிறது என்றால், அந்த வீட்டில் நெல்லோ மல்லாட்டை என்கிற நிலக்கடலையோ மூட்டை மூட்டையாக இருக்கிறது என்று அர்த்தம். விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்பேட்டை போகும் சாலையில் நடுவழியில் இருக்கும் ஊர் இது. அப்போது தென்னாற்காடு மாவட்டம், இப்போது கடலூர் மாவட்டம். சுற்றிலும் நெல், கரும்பு, மல்லாட்டை, முந்திரி. அறுவடை முடிந்ததும் குதிரும் பரணும் கூடமும் நிறையும். தானியம் வந்தால் எலி வரும், எலி வந்தால் பூனை வரும். காசு கொடுத்துப் பூனை வாங்கியவர் யாரும் இல்லை. சொந்தக்காரர் வீட்டில் குட்டி போட்டிருந்தால் ஒன்றைக் கூடையில் போட்டு, வழி தெரியாதபடி துணியால் மூடித் தூக்கி வருவார்கள்.

வந்த பூனைக்குத் தனிச் சாப்பாடு கிடையாது. மீந்த சோற்றில் கொஞ்சம் மோர், மீன் எடுத்த நாளில் தலையும் குடலும், கறி எடுத்த நாளில் ஒரு துண்டு சவ்வு. வயிறு நிறையச் சோறு வைத்தால் எலி பிடிக்காது என்பது ஆயாக்களின் கணக்கு. அந்தக் கணக்கு முழுக்கச் சரியில்லை. வயிறு நிறைந்த பூனையும் வேட்டையாடும். ஆனாலும் அன்றைக்கு அதனால் பூனைக்குக் கேடு வரவில்லை. தனக்கு வேண்டியதை அது ஓட்டு இடுக்கிலும் வைக்கோல் போரிலும் தானே தேடிக்கொண்டது.

எவ்வளவு தேடியிருக்கும் என்று பார்த்தால் அதன் உழைப்பு புரியும். நாலு கிலோ எடையுள்ள பூனைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 200 முதல் 250 கலோரி வேண்டும். ஒரு சுண்டெலியில் கிடைப்பது சுமார் 30 கலோரி. ஆக, நாளொன்றுக்கு ஏழெட்டுச் சுண்டெலி, அல்லது அதற்கு ஈடான பல்லியும் வெட்டுக்கிளியும் குருவியும். இரவெல்லாம் சிறிது சிறிதாகப் பத்துப் பதினைந்து முறை தின்பது அதன் உடம்பின் வழக்கம். நாம் தட்டில் போட்ட மோர்ச்சோறு அந்தச் சாப்பாட்டுக்கு மேல் வைத்த ஊறுகாய். பூனையை வளர்த்தது நம் சோறுதான் என்று நினைத்துக்கொண்டோம். வளர்த்தது எலி.

இன்றைக்கு அந்த எலி வீட்டுக்குள் அவ்வளவாக இல்லை. நெல் களத்திலிருந்தே கொள்முதல் நிலையத்துக்குப் போகிறது, மல்லாட்டை விருத்தாசலம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்குப் போகிறது. ஓட்டு வீடு இருந்த இடத்தில் காங்கிரீட் வீடு, சன்னலில் கொசுவலை, வாசலில் இரும்பு கேட். நெற்குதிரை உடைத்துப் பல வருடங்கள் ஆகிவிட்டன. ஆனால் பூனை போகவில்லை. பிள்ளைகள் கேட்டார்கள் என்று, தனியாக இருக்கும் அம்மாவுக்குத் துணை என்று, வீடியோவில் பார்த்த ஆசையில் என்று, வீட்டுக்குள் வந்துவிட்டது. முஸ்லிம் குடும்பங்களில் பூனைக்கு முன்பே தனி இடம் உண்டு. நபித்தோழர் ஒருவருக்குப் பூனைக்குட்டியின் மேல் வைத்த பிரியத்தால் அபூ ஹுரைரா என்றே பெயர் நிலைத்தது. பூனையை அடைத்துவைத்துப் பட்டினி போட்ட பெண்ணுக்கு நேர்ந்த தண்டனையைச் சொல்லும் நபிமொழியும் அங்கே பெரியவர்கள் வாயில் அடிக்கடி வரும். அடைத்துவைத்தால் உணவுக்கு நாம் பொறுப்பு என்ற அந்தச் செய்தி இன்றைய வீடுகளுக்கு அப்படியே பொருந்துகிறது. ஏனென்றால் வேட்டையை எடுத்துவிட்டோம், தட்டை மட்டும் மாற்றவில்லை. பல வீடுகளில் பூனைக்கு இன்னமும் பால்சோறுதான், அதுவும் மூன்று வேளையும்.

பூனைக்குப் பால் என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக ஊறியது. இராமகதையைச் சொல்லப் புகும் தன் துணிவுக்கு உவமை தேடிய கம்பர், பாற்கடலை நக்கிக் குடிக்கப் போன பூனையைத்தான் சொன்னார். தெனாலிராமன் கதையிலும் எலி பிடிக்கப் பூனை கொடுத்த அரசர், அதற்குப் பால் கொடுக்க ஒரு பசுவையும் சேர்த்துக் கொடுக்கிறார். பூனை பாலை விரும்பிக் குடிப்பது உண்மை. ஆனால் தாய்ப்பால் மறந்த பிறகு பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்கும் நொதி பெரும்பாலான பூனைகளுக்குக் குறைந்துபோகிறது. குடித்த கொஞ்ச நேரத்தில் வயிறு உப்பும், கழிச்சல் போகும். எப்போதாவது ஒரு கரண்டி பாலால் எல்லாப் பூனைக்கும் ஆபத்து வந்துவிடாது. பாலையே உணவாக்குவதுதான் தவறு. தாயில்லாக் குட்டிக்குப் பசும்பால் இன்னும் மோசம். பூனைப்பாலில் உள்ள அளவுக்குப் புரதமும் கொழுப்பும் அதில் இல்லை. நாலு வாரம் நிறையாத குட்டி கையில் கிடைத்தால் பூனைக்குட்டிக்கென்றே விற்கும் பால்பவுடரை வெதுவெதுப்பாகக் கரைத்து, குட்டியைக் குப்புற வைத்தபடி கொடுக்க வேண்டும். மல்லாத்திப் பிடித்து ஊற்றினால் பால் மூச்சுக்குழலுக்குள் போய்விடும்.

சோற்றின் கதை வேறு. நாய் நம்மோடு சேர்ந்து சோறு தின்று பழகிக்கொண்டது. பூனையின் உடம்பு அப்படி மாறவில்லை. அது முழு மாமிச உண்ணி. கேரட்டிலிருந்து வைட்டமின் ஏ-யை நாம் செய்துகொள்வதுபோல் அதனால் செய்துகொள்ள முடியாது, மாமிசத்திலிருந்து நேராகக் கிடைக்க வேண்டும். டாரின் என்ற சத்தும் அப்படித்தான். அது இல்லாவிட்டால் பூனையின் விழித்திரை கெட்டுப் பார்வை போகும் என்பது 1975-இல் தெரியவந்தது. 1987-இல் அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பால் பியான் என்ற கால்நடை மருத்துவரும் அவர் குழுவினரும் இன்னொன்றைக் கண்டார்கள். இதயம் வீங்கி, தசை தளர்ந்து சாகும் பூனைகளின் இரத்தத்தில் டாரின் மிகக் குறைவாக இருந்தது. அதைக் கொடுத்ததும் இதயம் தேறியது. அந்தப் பூனைகளில் பல, கடையில் வாங்கிய உணவையே தின்று வந்தவை. அதன் பிறகுதான் பூனை உணவு செய்யும் நிறுவனங்கள் டாரின் அளவைக் கூட்டின. டாரின் மிகக் குறைவாக உள்ள பால்சோற்றைத் தின்னும் பூனை உடனே சாவதில்லை. மெல்ல மெல்லக் கண்ணும் நெஞ்சும் கெடும். நமக்கோ அது சோம்பேறியாகிவிட்டதாகத் தோன்றும்.

அப்படியானால் கோழிக்கறி வாங்கி வேகவைத்துப் போட்டால் தீர்ந்ததா? தீராது. இங்கே பலர் தடுமாறுகிறார்கள். பூனை சுண்டெலியைத் தின்னும்போது கறியை மட்டும் தின்பதில்லை. எலும்பு, ஈரல், இதயம், குடல் எல்லாம் சேர்ந்து உள்ளே போகின்றன. வெறும் கறியில் பாஸ்பரஸ் அதிகம், சுண்ணாம்புச்சத்து மிகக் குறைவு. வளரும் குட்டிக்கு அதையே கொடுத்துவந்தால் உடம்பு தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பை உருவும். கால் வளையும், மேசையிலிருந்து குதித்தாலே எலும்பு முறியும். சரி, ஈரலாகப் போடலாம் என்று தினமும் ஈரல் போட்டால் வைட்டமின் ஏ மிகுந்து கழுத்தெலும்புகள் ஒட்டிக்கொண்டு, தலையைத் திருப்ப முடியாமல் போகும். பச்சை மீன் சிலவற்றில் தயமின் என்ற பி1 சத்தை அழிக்கும் பொருள் உண்டு. வேகவைத்தால் அது போய்விடும். கருவாட்டை விட்டுவிடலாம், அத்தனை உப்பு பூனைக்கு ஆகாது. குழம்பில் கிடந்த மீனைக் கழுவிக் கொடுப்பதும் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களை உடைத்துச் சோகையை உண்டாக்கும், கழுவினாலும் ஊறிய சாறு போகாது. வேகவைத்த கோழி எலும்பு கூர்கூராக உடையும், அதையும் கொடுக்கக் கூடாது.

நடைமுறையில் நான் சொல்வது இது. உணவில் பெரும்பகுதி, முழுமையான சமச்சீர் உணவு என்று உறையில் எழுதியிருக்கும் பூனைத்தீனியாக இருக்கட்டும். குட்டிக்குக் குட்டித்தீனி, ஒரு வயதுக்குப் பிறகு பெரிய பூனைக்கானது. உலர் தீனி 100 கிராமில் 350 முதல் 400 கலோரி இருப்பதால் நாலு கிலோ பூனைக்கு அதுவே முழு உணவென்றால் 50, 60 கிராம் போதும். அதற்கு மேல் கிண்ணம் நிரம்பியே இருந்தால் பூனை உருண்டையாகிவிடும். மிச்சத்தை வீட்டிலிருந்து கொடுங்கள்: உப்பில்லாமல் வேகவைத்த கோழி, முள் எடுத்த மத்தி, வாரத்தில் ஒரு நாள் சின்னத் துண்டு ஈரல். அந்த அளவுக்குத் தீனியைக் குறைத்துக்கொள்ள வேண்டும். நாய்த்தீனியைப் பூனைக்குப் போட்டுச் சமாளிப்பது கூடாது, அதில் பூனைக்கு வேண்டிய டாரின் இருக்காது. ஆறு மாதம் வரை குட்டிக்கு ஒரு நாளில் மூன்று நாலு வேளை, பெரிய பூனைக்கு இரண்டு வேளைக்குக் குறையாமல். சைவ வீட்டில் பூனை வளர்ப்பவர்களுக்கு மனக்கஷ்டம் இருக்கும் என்பது தெரியும். தீனிப் பை அந்த வீடுகளுக்குக் கிடைத்த நல்ல வழி. பூனையைச் சைவமாக்குவதற்கு மட்டும் வழியில்லை.

தண்ணீரைப் பற்றி அன்று யாரும் யோசித்ததில்லை. யோசிக்கத் தேவையும் இல்லை. எலியின் உடம்பில் பெரும்பகுதி நீர். வீட்டுப்பூனையின் மூதாதை மேற்காசிய, வட ஆப்பிரிக்க வறண்ட நிலத்தின் காட்டுப்பூனை. தாகம் எடுத்துத் தண்ணீர் தேடும் பழக்கம் அதற்குக் குறைவு, இரையிலிருந்தே நீரை எடுத்துக்கொள்ளும். உலர் தீனியிலோ பத்தில் ஒரு பங்குகூட நீர் இருக்காது. நாலு கிலோ பூனைக்கு உணவிலும் கிண்ணத்திலுமாகச் சேர்ந்து நாளுக்கு ஏறக்குறைய 200 மில்லி நீர் உள்ளே போக வேண்டும். அக்கினி நட்சத்திர நாட்களில் விருத்தாசலம் பக்கம் அடிக்கும் வெயிலுக்கு அதற்கு மேலும் வேண்டும். கோழி வேகவைத்த உப்பில்லாத தண்ணீரைத் தீனியில் ஊற்றிக் கொடுப்பது சுலபமான வழி. தண்ணீர்க் கிண்ணத்தைச் சாப்பாட்டுக்கும் மலத்தட்டுக்கும் தள்ளி, இரண்டு மூன்று இடங்களில் வைக்கலாம். கிண்ணத்துக்கு வெளியூர் போக வேண்டியதில்லை. பீங்கான் தொழிற்பேட்டையும், அந்தத் தொழிலைச் சொல்லித்தரும் அரசுப் பயிலகமும் இருக்கும் விருத்தாசலம் அடுத்த ஊர். அகலமான, ஆழமில்லாத பீங்கான் கிண்ணம் பூனைக்கு மிகப் பொருத்தம். பிளாஸ்டிக்கில் கீறல் விழுந்து அழுக்கு தங்கும், சில பூனைகளுக்குத் தாடையில் பரு வரும். பீங்கானைத் தேய்த்துக் கழுவிவிடலாம்.

களிமண்ணுக்கும் பூனைக்கும் இன்னொரு தொடர்பு உண்டு. அன்று பூனை தோட்டத்து மணலிலோ அடுப்புச் சாம்பல் குவியலிலோ போய்விட்டு மூடிவிட்டு வந்தது. அமெரிக்காவிலும் அப்படித்தான், பெட்டியில் சாம்பலும் மணலும் போட்டு வைத்தார்கள். 1947-இல் மிச்சிகன் மாநிலத்தில் எட்வர்ட் லோ என்பவர், சாம்பல் கால்தடம் வீடெல்லாம் பதிகிறது என்று முறையிட்ட அண்டை வீட்டுக்காரருக்கு, தொழிற்சாலைகளில் எண்ணெய் உறிஞ்சப் பயன்படும் களிமண் குருணையைக் கொடுத்தார். அது பிடித்துப்போகவே ஐந்து பவுண்டு பையை 65 சென்ட்டுக்கு விற்கத் தொடங்கினார். வீட்டுக்குள் பூனை வாழ்வதற்கு வழி திறந்தது அந்தக் குருணைதான். இன்று நம் கடைகளில் விற்பது பெரும்பாலும் ஈரம் பட்டால் கட்டியாகும் பெண்டோனைட் களிமண். இரண்டு மாதம் ஆகாத குட்டிக்கு அது வேண்டாம், தின்றுவிடும். சலித்த மணல் போதும். ஒரு பூனைக்கு ஒரு தட்டு, அதற்கு மேல் இன்னொன்று உபரியாக. தினமும் அள்ளுங்கள். தட்டைப் பார்ப்பது பூனையின் நலத்தைப் பார்ப்பதற்கும் நல்ல வழி. கடுவன் பூனை தட்டில் அடிக்கடி உட்கார்ந்து முக்குகிறது, சிறுநீர் வரவில்லை என்றால் வழி அடைத்திருக்கிறது. அன்றைக்கே மருத்துவரிடம் போகவேண்டும், இரண்டு நாள் விட்டால் பிழைப்பது கடினம்.

அன்றைய காலத்தை நான் பொன்னாக்கிச் சொல்லப் போவதில்லை. அன்று ஈன்ற குட்டிகளில் பெரியதானவை கொஞ்சம். சில வருடம் ஒரே வாரத்தில் தெருவிலுள்ள குட்டியெல்லாம் வாந்தி எடுத்து, கழிச்சல் போய், தண்ணீர்ச் சட்டியின் மேல் தலையைத் தொங்கவிட்டபடி செத்துப்போகும். நோவு வந்துவிட்டது என்பார்கள், அல்லது கண்பட்டது என்பார்கள். அது பெரும்பாலும் பான்லூக்கோபீனியா என்ற வைரஸ் நோய். நாய்க்கு வரும் பார்வோவின் உறவு. மனிதருக்குத் தொற்றாது. ஆனால் அந்தக் கிருமி தரையிலும் துணியிலும் பல மாதம் உயிரோடு இருக்கும், நம் செருப்பிலேயே வீட்டுக்குள் வரும். அதனால் வெளியே போகாத பூனைக்கும் ஊசி வேண்டும். இதையும் இரண்டு சளி நோய்களையும் சேர்த்துத் தடுக்கும் ஒரே ஊசி இப்போது இருக்கிறது. எட்டு வாரத்தில் முதல் ஊசி, மூன்று நாலு வாரத்துக்கு ஒருமுறை திரும்பவும், பதினாறு வாரம் வரை. மூன்று மாதம் நிறைந்ததும் வெறிநோய் ஊசி. பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியில்.

குடற்புழு மருந்து ஊசியைவிட முன்னதாகத் தொடங்க வேண்டும். உருண்டைப்புழு தாய்ப்பால் வழியாகவே குட்டிக்குள் போய்விடுகிறது. வயிறு மட்டும் பானையாக, மேலெல்லாம் எலும்பாக இருக்கும் குட்டியைப் பார்த்து நன்றாகத் தின்கிறது என்று மகிழ வேண்டாம், அது புழு. ஆசனவாயில் அரிசி போல ஒட்டியிருந்தால் நாடாப்புழு, தெள்ளுப்பூச்சியால் வந்தது. தெள்ளுக்கும் சேர்த்து மருந்து கேளுங்கள்.

கேளுங்கள் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மாட்டு உண்ணிக்கு அடிக்கும் மருந்து எல்லா வீட்டிலும் இருக்கிறது, அதையே பூனைக்கும் தடவிவிடுகிறார்கள். அந்த வகை மருந்துகளை, குறிப்பாக நாய்க்கு விற்கும் பெர்மெத்ரினை, பூனையின் ஈரலால் சிதைக்க முடியாது. வலிப்பு வந்து செத்துப்போகும். வேப்பெண்ணெய் தடவுவதும் வேண்டாம், நக்கி நக்கி உள்ளே போகும். இன்னொரு கொடுமை பாராசிட்டமால். உடம்பு சுடுகிறதே என்று இரக்கப்பட்டுக் கொடுக்கும் ஒரே ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும். எலிமருந்தையும் இங்கே சொல்ல வேண்டும். எலிக்குப் பூனை இருந்த இடத்தில் இப்போது பசையும் வில்லையும் இருக்கின்றன. மஞ்சள் பாஸ்பரஸ் எலிப்பசையைத் தமிழ்நாடு அரசு தடை செய்தது நல்ல காரியம். ஆனால் இரத்தம் உறையாமல் செய்யும் வில்லைகள் கிடைக்கின்றன. அதைத் தின்று தள்ளாடும் எலியைப் பூனை எளிதில் பிடித்துவிடும், விஷம் பூனைக்கும் ஏறும். பூனை வளர்க்கும் வீட்டிலும் அதன் அண்டை வீட்டிலும் எலிப்பொறி போதும். வீட்டில் லில்லி பூச்செடி இருந்தால் அதையும் அகற்றிவிடுங்கள், மகரந்தம் பட்ட மயிரை நக்கினாலே சிறுநீரகம் செயலிழக்கும்.

குட்டிகள் பெருகினால் அன்று என்ன செய்தோம் என்பதை எழுதவே கூசுகிறது. கண் திறக்காத குட்டிகளைச் சாக்கில் கட்டி ஏரிக்கரையிலோ மீன் மார்க்கெட்டிலோ விட்டுவிட்டு வந்தோம். இன்றும் விடுகிறார்கள். காசு கொடுத்து வாங்கிய பெர்சியன் பூனையைக்கூட, முடி கொட்டுகிறது என்று கொண்டுபோய் விடுகிறார்கள். தட்டை மூக்கும் அடர்ந்த முடியும் கொண்ட அது நம் வெயிலில் தெருவில் ஒரு வாரம் தாங்காது. வளர்த்த விலங்கைக் காரணமின்றிக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். பெட்டைப் பூனை நாலைந்து மாதத்திலேயே சினைப்படும், ஒன்பது வாரத்தில் ஈனும், ஒரு வருடத்தில் இரண்டு மூன்று முறை. ஐந்து மாதத்தில் கருத்தடை அறுவை செய்துவிட்டால் இந்தத் துயரம் இல்லை. கடுவனுக்கும் செய்யலாம், சண்டையும் ஊர்சுற்றலும் நாற்றமும் குறையும்.

மருத்துவர் எங்கே என்று கேட்பீர்கள். அரசு கால்நடை மருந்தகங்கள் மாட்டையும் ஆட்டையும் முன்வைத்து உண்டானவை. வெறிநோய் ஊசிக்கு அங்கே போகலாம். விலங்குவழி நோய்கள் தினமான ஜூலை 6-ஐயும் வெறிநோய் தினமான செப்டம்பர் 28-ஐயும் ஒட்டி இலவச முகாம்கள் நடக்கும். மூன்று நோய்க்கான ஊசி அங்கே இல்லையென்றால் தனியார் மருத்துவரிடம், குளிர்ப்பெட்டியில் வைத்ததா என்று கேட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும். பெரிய அறுவைக்குப் புதுச்சேரியில் ராஜீவ் காந்தி பெயரிலான கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பூனை ஒரு முழு நாள் எதையும் தின்னவில்லை என்றால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். பருத்த பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் ஈரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகும்.

மருமகள் கர்ப்பமானதும் பூனையை விரட்டும் வீடுகளுக்கும் ஒரு வார்த்தை. பயம் டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமியைப் பற்றியது. அது பூனை மலத்தில் வெளிவந்து ஒரு நாளாவது கழிந்த பிறகே தொற்றும் நிலைக்கு வரும். பச்சை இறைச்சி கொடுக்காமல், வெளியே விடாமல், தட்டை வேறொருவர் தினமும் சுத்தம் செய்தால் பூனை அந்த வீட்டிலேயே இருக்கலாம். அரைவேக்காட்டுக் கறியும் கழுவாத கீரையும் கூட இந்தக் கிருமிக்கு வழிதான். கர்ப்பிணி மருத்துவரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

குட்டியைத் தூக்கி வந்த வாரமே புழு மருந்துக்கும் ஊசிக்கும் நாள் குறித்து, காலண்டரில் எழுதிவிடுங்கள். பூனை கடித்தாலோ இரத்தம் வரக் கீறினாலோ, அது ஊசி போட்ட பூனையாகவே இருந்தாலும், காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சளோ சுண்ணாம்போ வைக்காமல், அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். அங்கே வெறிநோய்த் தடுப்பூசி இலவசம்.